கல்லுக்குழிக்குக் குருவி திரும்புமா?



போன மாதம் மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வாங்கி, உள்கடன் தவணை எழுதி, தீர்மானப் புத்தகம் எல்லோர் கைக்கும் சுற்றிவரும் நேரத்தில் ஒரு பேச்சு எழுந்தது. ஊருக்கு மேற்கே கைவிட்ட கல்லுக்குழி ஒன்று இருக்கிறது. அந்தக் குழுவில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அங்கே ஜல்லி உடைத்தவர்கள்தான். குழியின் மேட்டில் பெரிய இலுப்பை மரம் நிற்கிறது. ஒரு பக்கம் பட்டுப்போய் விட்டது, மறுபக்கம் இன்னும் துளிர்க்கிறது. விறகு வியாபாரி ஒருவர் அதற்கு விலை கேட்டிருக்கிறார். மரத்தை விற்று, அந்தப் பணத்தில் குழியைச் சுற்றிப் புதுக் கன்று நடலாமா என்று பஞ்சாயத்தில் நம் குழுவின் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள். "பட்ட மரந்தானுங்க, அதுல கிளி மட்டுந்தான் குடியிருக்குது. நூறு புதுக் கன்னு வந்தா நூறு கிளி வருமில்லீங்க?" என்று ஒரு அக்கா கேட்டார். கேள்வி நியாயமானது. எங்களுக்கு அங்கேயே பதில் சொல்லத் தெரியவில்லை. "படித்துவிட்டு வந்து சொல்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். சுரங்கம் தோண்டிய நிலத்தில் மரம் நட்டால் பறவை திரும்புமா, எது முதலில் வரும், எது வரவே வராது என்று வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

குண்டாவிலிருந்து தொடங்குவோம்

நம் அடுப்பங்கரையில் அலுமினியக் குண்டா இல்லாத வீடு இல்லை. சிலர் அதை ஈயப் பாத்திரம் என்பார்கள், ஆனால் அது ஈயம் இல்லை, அலுமினியம். அது பாக்சைட் என்னும் மண்ணிலிருந்து வருகிறது. செம்மண்ணில் சரளைக்கல் கலந்தது போலிருக்கும். நம் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் இதை வெட்டித்தான் லாரி லாரியாக இறக்கினார்கள். மேட்டூரில் 1965-இல் அலுமினிய ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. மலை உறுப்பினர்களில் மூத்தவர்களுக்கு அந்த லாரிகள் ஞாபகம் இருக்கும். இப்போது அங்கே அலுமினியம் உருக்குவதில்லை.

இதே பாக்சைட் மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குக் கிழக்கேயுள்ள மலைத்தொடரில் ஏராளமாக இருக்கிறது. அங்கே அல்கோவா என்ற கம்பெனி 1963-லிருந்து வெட்டுகிறது. உலகத்திலேயே பெரிய பாக்சைட் சுரங்கங்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. அதற்கு மேலே நிற்பது ஜாரா என்ற மரத்தின் காடு. ஜாரா நம் தைலமரத்தின் பங்காளிதான், ஆனால் நிதானமாக வளரும். அதன் கட்டை சிவப்பாக, இரும்பு மாதிரி இருக்கும். கூடவே மாரி என்று இன்னொரு மரம். நம் ஊர்த் தைலமரமும், ஏற்காடு காப்பித் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கும் சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவைதான்.

அங்கே பாக்சைட் ரொம்ப ஆழத்தில் இல்லை. மேல்மண்ணை நீக்கினால் சராசரியாக நான்கு மீட்டர் கனத்துக்குக் கிடைக்கிறது. அதனால் ஒரே பெரிய பள்ளமாகத் தோண்டாமல், காட்டுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக வெட்டுகிறார்கள். வெட்டி முடித்த திட்டில் மரம் நடும் வேலையை 1966-இல் ஆரம்பித்தார்கள்.

முதலில் செய்த தப்பு

நாமெல்லாம் செய்கிற தப்பைத்தான் அவர்களும் செய்தார்கள். சீக்கிரம் பச்சை தெரிய வேண்டும் என்று பைன் மரத்தையும், நாட்டின் கிழக்குப் பகுதியிலிருந்து கொண்டுவந்த வேறு தைலமர வகைகளையும் நட்டார்கள். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஜாரா மரத்தின் வேரை அழுக வைக்கும் ஒரு நோய், வெளியிலிருந்து வந்தது, மண்ணிலேயே பரவும். லாரி டயரில் ஒட்டிய சேறு போதும், ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போய்விடும். ஜாராவை நட்டால் செத்துவிடும் என்று பயந்து, நோய் தாங்கும் வெளி மரங்களை நட்டார்கள். மரம் வளர்ந்தது. ஆனால் அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்த பறவைக்கு அந்த மரத்தின் காயும் பூவும் பழக்கமில்லை. 1988-லிருந்துதான் பழைய காட்டில் நின்ற ஜாராவையும் மாரியையும் மட்டுமே மரமாக வளர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது இந்தப் புத்தி வருவதற்கு.

அதற்கப்புறம் அவர்கள் செய்த வேலை நமக்குப் பாடமாக இருக்கும் என்று நினைக்கிறோம். முதல் வேலை மேல்மண். சுரங்கம் வெட்டும் முன், மேலேயுள்ள ஒரு சாண் அளவு மண்ணை மட்டும் தனியாக வழித்து எடுக்கிறார்கள். அதைக் குவித்து வைப்பதில்லை. வெட்டி முடித்த வேறொரு திட்டில் உடனே கொண்டுபோய்ப் பரப்பி விடுகிறார்கள். ஏனென்றால் அந்த ஒரு சாண் மண்ணுக்குள்தான் காட்டின் விதையெல்லாம் தூங்குகிறது. பூஞ்சை, கிருமி, புழு எல்லாம் அதில் உயிரோடு இருக்கிறது. மாதக்கணக்கில் குவித்து வைத்தால் விதை உளுத்துப்போகும், மண் செத்துப்போகும். தோசை மாவைப் புளிக்க விட்டு ஒரு வாரம் மறந்துபோன கதைதான்.

அடுத்தது தரை. கனரக வண்டிகள் ஏறி ஏறிக் குழியின் அடித்தளம் சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும். அதை புல்டோசரின் பின்னால் கட்டிய பெரிய கொழுவால் ஒன்றரை மீட்டர் ஆழம் வரை கிழித்து விடுகிறார்கள், சரிவுக்குக் குறுக்கே, தண்ணீர் ஓடாமல் நிற்கிற மாதிரி. அதன்மேல் மண், அதன்மேல் விதை. அந்தக் காட்டு விதைகளில் பல, புகை பட்டால்தான் முளைக்கும். காட்டுத்தீ வந்து போன பிறகு முளைத்துப் பழகிய விதைகள். அதனால் சில விதைகளுக்குப் புகை மூட்டம் போட்டு விதைக்கிறார்கள். நம் பாட்டிமார் அடுப்புக்கு மேலே பரணில் விதைச் சோளத்தைப் புகை படும்படி கட்டித் தொங்கவிட்டது வண்டு வராமலிருக்க. அவர்கள் புகை போடுவது விதையை எழுப்ப. கடைசியாக, வெட்டிய இடத்தில் கிடந்த பெரிய கட்டைகளையும் பாறைகளையும் அங்கங்கே குவியலாகப் போட்டு வைக்கிறார்கள். பார்க்க அலங்கோலமாக இருக்கும். ஆனால் பல்லி, பாம்பு, பூச்சி ஒண்டுவதற்கு அதுதான் வீடு.

யார் முதலில் வருகிறார்கள்

விதைத்த முதல் ஒன்றிரண்டு வருடம் தரை பெரும்பாலும் வெட்டவெளி. அப்போது வருவது வெட்டவெளியில் ஓடி ஓடிப் பூச்சி பொறுக்கும் பறவைகள். நம் பக்கம் அப்படிப்பட்ட நிலத்தில் நெட்டைக்காலி, வானம்பாடி, ஆட்காட்டி இவையெல்லாம் வரும். மூன்று நான்கு வருடத்தில் செடிகள் ஆள் உயரம் வந்து நெருக்கமாகப் புதர் கட்டும். வெட்டவெளிப் பறவை போய்விடும், புதரில் பதுங்கும் சின்னக் குருவிகள் வரும். அங்கே நீல நிறத்தில் மினுங்கும் வால் தூக்கிக் குருவி ஒன்று இருக்கிறது. நம் தையல்சிட்டு அளவுதான். அது புதரில்தான் கூடு கட்டும். பூத்த பிறகு தேன் குடிக்கும் பறவைகள். மரம் உயர்ந்த பிறகு உச்சியில் பூச்சி பிடிக்கும் பறவைகள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். வந்த பறவை போய்விட்டதே என்று வருத்தப்பட வேண்டாம். காடு மாறுகிறது, குடியிருப்பவர்களும் மாறுகிறார்கள். ஒவ்வொரு பறவையும் மரத்தைப் பார்த்து வருவதில்லை. உணவு, மறைவு, கூடு கட்ட இடம், இந்த மூன்றும் எங்கே கிடைக்கிறதோ அங்கே வருகிறது. பக்கத்தில் பழைய காடு இருக்க வேண்டும் என்பது நான்காவது. அந்தத் திட்டுகளைச் சுற்றி வெட்டாத காடு நின்றது, அதனால்தான் பறவைக்குப் பறந்து வர ஓரிடம் இருந்தது. சுற்றிலும் மொட்டையாக இருந்தால் எங்கிருந்து வரும்?

2003-இல் வெளியான ஒரு ஆய்வில், மறுபடி காடாக்கிய அந்த நிலங்களில் அந்தப் பகுதிப் பாலூட்டிகள் எல்லாமும், பறவை இனங்களில் சுமார் 90 சதவீதமும், ஊர்வனவற்றில் 78 சதவீதமும் திரும்பி விட்டதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். படித்ததும் எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் யோசித்தோம். திரும்பியது என்றால் என்ன? வந்து தலை காட்டிவிட்டுப் போனதா, இரை தின்றதா, கூடு கட்டிக் குஞ்சு பொரித்ததா?

நம் குழுவில் வருகைப் பதிவேடு வேறு, சேமிப்புப் பேரேடு வேறு இல்லையா? கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டவர் எல்லாம் தவணை கட்டியதாகக் கணக்கெழுத முடியுமா? பறவைக் கணக்கிலும் இதே சிக்கல்தான். ஒரு இனத்தை ஒருமுறை பார்த்தால்கூட "வந்தது" என்ற பட்டியலில் ஏறிவிடும். மீதிப் பத்து சதவீதம் யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். வயதான மரம், பொந்து, உளுத்த கட்டை இதெல்லாம் வேண்டும் என்கிற இனங்கள்தான் பின்தங்கி நிற்கின்றன. அங்கேயே இந்தச் சுரங்கத்தைப் பற்றியும், மீட்ட காடு பழைய காட்டுக்கு ஈடாகுமா என்பது பற்றியும் இன்றுவரை பலத்த வாக்குவாதம் நடக்கிறது. விஞ்ஞானிகளே ஒரு கட்சியாக இல்லை.

கருப்புக் கிளியின் கதை

எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்தக் கதைதான். அந்தக் காட்டில் கருப்புக் காக்கட்டூ என்ற பறவை இருக்கிறது. கிளிச் சாதி. ஆனால் நம் பச்சைக்கிளி மாதிரி ஐந்து மடங்கு இருக்கும், உடம்பெல்லாம் கருப்பு, தலையில் கொண்டை. மூன்று இனம் உண்டு. ஒன்றுக்கு வாலில் சிவப்புப் பட்டை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் மக்கள் அதைக் 'கரக்' என்று அழைக்கிறார்கள், அது கத்துகிற சத்தத்தை வைத்தே. மூன்றும் அருகிவரும் இனங்கள் என்று அரசாங்கப் பட்டியலில் இருக்கிறது.

மாரி மரத்தின் காய் கொட்டாங்கச்சி மாதிரி கெட்டியானது, நெல்லிக்காயைவிடப் பெரியது. இந்தக் கிளி அதை அலகால் கடித்துத் திறந்து உள்ளே இருக்கிற விதையைத் தின்றுவிட்டு ஓட்டைக் கீழே போடும். ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு விதமாகக் கடிக்கும். அதனால் ஆராய்ச்சி செய்கிறவர்கள் பறவையைத் தேடி அலைவதில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். கடித்த ஓட்டைப் பார்த்தே வந்தது யார் என்று சொல்லிவிடுகிறார்கள். பனங்காயைப் பார்த்து இது அணில் கடித்தது, இது எலி கடித்தது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதே வித்தைதான். படிப்பு வேண்டியதில்லை, கண் வேண்டும்.

அப்படிப் பார்த்ததில், அந்தக் காட்டுச் சுரங்க நிலம் ஒன்றில் மறுபடி காடு வளர்க்க ஆரம்பித்து எட்டு வருடத்துக்குள்ளேயே கிளி வந்து தின்றுவிட்டுப் போன அடையாளம் கிடைத்திருக்கிறது. எட்டு வருடம்! நம் குழு ஆரம்பித்து முதல் வங்கிக் கடன் வாங்கி அடைத்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து அது மூன்றாவது வகுப்புக்குப் போவதற்குள் கிளி இரைக்கு வந்துவிட்டது. சரியான மரத்தை நட்டதன் பலன் இது.

ஆனால் அது அங்கே கூடு கட்டவில்லை. கட்ட முடியாது. இந்தக் கிளி சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுகிற பறவை இல்லை. பெரிய மரத்தின் பொந்துக்குள்தான் முட்டையிடும். சிவப்பு வால் கிளி ஒரே ஒரு முட்டைதான் இடும். அதன் உடம்புக்கு ஏற்ற பொந்து விழ வேண்டுமானால் மரம் பருத்து, கிளை ஒடிந்து, உள்ளே பூஞ்சை பிடித்து, கரையான் அரித்து, தீயும் பட்டுக் குடைய வேண்டும். கூடு வைக்கிற மரங்களுக்கு வயது நூற்றைத் தாண்டியிருக்கிறது, பல மரங்கள் இருநூறையும் தாண்டியவை.

நம் ஊரில் மரங்கொத்தி இருக்கிறது, குக்குறுவான் இருக்கிறது. அவை புதுப் பொந்து குடைந்து இருந்துவிட்டுப் போனால், அடுத்த வருடம் அதில் கிளியோ மைனாவோ குடியேறும். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது. தச்சர் இல்லாத ஊர் மாதிரி. பொந்து தானாக விழும்வரை காத்திருக்க வேண்டும். இருக்கிற சில பொந்துகளையும் வெளிநாட்டிலிருந்து வந்து காட்டில் பெருகிய தேனீக்கள் பிடித்துக்கொள்கின்றன. குழாய் மாதிரி செய்த செயற்கைக் கூடுகளை மரத்தில் கட்டிவிட்டுப் பார்த்ததில், வெள்ளை வால் இனம் ஒன்று அதில் குஞ்சு பொரித்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் குழாயை ஒருவர் வருடா வருடம் ஏறிப் பார்த்துச் சரி செய்ய வேண்டும். மரத்துக்கு அந்தச் செலவு இல்லை.

1966-இல் நட்ட மரத்துக்கே இன்னும் சுமார் அறுபது வயதுதான். ஆக, இரைக்கு வருவது எட்டு வருடம், குடியிருக்க வருவது நூறு இருநூறு வருடம். நடுவில் அந்தக் கிளி எங்கே குடியிருக்கும்? வெட்டாமல் விட்ட பழைய மரத்தில். வேறு வழியே இல்லை.

சவுக்கும் மரவட்டையும்

இதோடு இன்னொரு ஊர்க் கதையையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் நம்மில் பலர் சவுக்கு போட்டவர்கள்.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் மொம்பாசா துறைமுகத்துக்குப் பக்கத்தில் பாம்புரி என்ற இடம். கடலோரத்தில் பழைய பவளப்பாறைச் சுண்ணாம்புக் கல்லை வெட்டி, 1950-களிலிருந்து சிமெண்ட் செய்கிறார்கள். வெட்டிய இடம் வெள்ளை வெளேர் என்று, புல்கூட இல்லாத பள்ளம். கொஞ்சம் தோண்டினால் உப்புத் தண்ணீர். 1971-இல் ரெனே ஹாலர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அங்கே மரம் வளர்க்க ஆரம்பித்தார். 26 வகை மரம் நட்டுப் பார்த்தார். மூன்றுதான் பிழைத்தது. அதில் முதலாவது நம் சவுக்கு. சவுக்கின் வேரில் முடிச்சு உண்டு, அதிலுள்ள நுண்ணுயிர் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கும். அதனால் வெறும் கல்லிலும் வளர்ந்தது.

ஆனால் ஒரு சிக்கல். சவுக்குச் சருகு மக்கவில்லை. நம் சவுக்குத் தோப்பில் பார்த்திருப்பீர்களே, ஊசி ஊசியாகச் சருகு மெத்தை மாதிரி கிடக்கும், அடியில் எதுவும் முளைக்காது. நாமாவது அதைக் கூட்டி அள்ளி அடுப்புக்குக் கொண்டுவருவோம். அங்கே அதை மக்க வைக்கப் பூச்சியும் இல்லை, கிருமியும் இல்லை. ஒரு நாள் சிவப்புக் கால் மரவட்டை ஒன்று சவுக்குச் சருகைத் தின்பதை ஹாலர் பார்த்தார். ரயில்பூச்சி என்று பிள்ளைகள் சொல்வார்களே அதுதான், ஆனால் விரல் தடிமன். அதைப் பிடித்து வந்து நூற்றுக்கணக்கில் விட்டார். அது தின்று போட்ட புழுக்கை மண்ணானது. மண் வந்த பிறகு மற்ற மரம் வந்தது, குளம் வெட்டி மீன் விட்டார், நீர்ப்பறவை வந்தது, பழம் தின்னும் பறவை எச்சத்தோடு அத்தி விதையைக் கொண்டுவந்து போட்டது. 1984-இல் அந்த இடத்தைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். இன்று அதற்கு அவர் பெயர்தான், ஹாலர் பூங்கா.

(கடலோரக் கிளையிலிருந்து மாற்றலாகி வந்த எங்கள் பணியாளர் ஒருவர் இதைக் கேட்டதும் நெகிழ்ந்துவிட்டார். 2004 டிசம்பர் சுனாமியின்போது கென்யாக் கரையில் தாயைப் பிரிந்து தவித்த நீர்யானைக் குட்டியை மீட்டு இந்தப் பூங்காவில்தான் விட்டார்கள். அது அங்கிருந்த நூறு வயதுக்கு மேற்பட்ட ஒரு ஆமையைத் தாயென்று நினைத்து ஒட்டிக்கொண்டது. பத்திரிகையில் படம் பார்த்திருப்பீர்கள். வெறும் கற்பள்ளமாக இருந்த இடம் அது.)

எங்கள் கணக்கையும் சொல்ல வேண்டும்

சில வருடங்களுக்கு முன் நாங்களும் வேறொரு கிராமத்தின் குழிக்கரையில் கன்று நட்டோம். உங்களில் பலர் அன்றைக்கு வந்தீர்கள். பேனர் கட்டினோம், போட்டோ எடுத்தோம், இந்த மடலிலேயே எத்தனை கன்று நட்டோம் என்று போட்டோம். எத்தனை பிழைத்தது என்று போடவில்லை. சொல்லிவிடுகிறோம். முதல் கோடையிலேயே பெரும்பகுதி கருகிவிட்டது. கல்பொடியில் குழி எடுத்து, ஒரு கூடை எரு போட்டு, அதிலே கன்றை வைத்தோம். அடியில் தரை இறுகிக் கிடந்தது. வேர் பூந்தொட்டிக்குள் சுருண்ட மாதிரி சுருண்டுபோனது. மேல்மண் என்று ஒன்று வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை, அவசரத்தில் விட்டுவிட்டோம். பிழைத்தவை வேம்பும் உடைமரமும், அதுவும் மழைத்தண்ணீர் தேங்கிய ஓரத்தில் மட்டும். அங்கே இப்போது கொண்டைக்குருவி வருகிறது, தவிட்டுக்குருவிக் கூட்டம் சலசலவென்று வருகிறது. அவற்றை எங்கள் சாதனை என்று எழுத மாட்டோம்.

கைவிட்ட கல்லுக்குழியில் நாம் நடாமலேயே குடியிருப்பவர்களும் உண்டு. செங்குத்தான பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கட்டாது, வெறும் பாறைத் திண்ணையில் இடும். வயலில் எலி பிடிப்பது அதுதான். சரிந்த மண் சுவரில் மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் வளை தோண்டும். ஆகவே குழியைச் சமன் செய்கிறோம், கரையை வழித்து அழகாக்குகிறோம் என்று ஜேசிபி விடுவதற்கு முன் ஒரு வாரம் விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் போய் நின்று பாருங்கள்.

இனி அந்த இலுப்பை. அக்கா கேட்ட கேள்விக்கு எங்களுக்குத் தெரிந்த பதில் இதுதான். நூறு கன்று நட்டால் நூறு கிளி வராது. சில வருடத்தில் இரை தேட வரும். குடியிருக்க அந்தக் கன்றுகளில் பொந்து விழும் காலத்தில் நம் பேத்திக்கே வயதாகியிருக்கும். நம் ஊரில் மரங்கொத்தி இருப்பதால் ஆஸ்திரேலியா அளவுக்கு நீண்ட காலம் ஆகாது என்பது உண்மை. ஆனாலும் மரங்கொத்திக்கும் உள்ளே உளுத்த, பருத்த கட்டை வேண்டும். இளங்கன்றை அது தொடாது. அந்தப் பக்கத்தில் அப்படி நிற்பது இந்த ஒரே மரம். அதன் பட்ட பக்கம்தான் பறவைக்குப் பயன், துளிர்க்கிற பக்கம் பூவும் விதையும் கொடுக்கும். இலுப்பைப் பூவுக்கு இரவில் வௌவால் வரும், பழத்தைத் தின்று கொட்டையைத் தூர எடுத்துப்போய்ப் போடும். அந்தக் குழிக்குப் புதுக் கன்று போடுகிற இன்னொரு கை அது.

எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறோம், மரத்தை விற்க வேண்டாம். ஆனால் முடிவு குழுவினுடையது. மரம் வழிமேல் சாய்ந்திருக்கிறது, பட்ட கிளை பள்ளிக்கூடம் போகிற பிள்ளை தலையில் விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு தங்கை கேட்டார். அது கிளியைவிடப் பெரிய கேள்வி. வழிப்பக்கத்துக் கிளையை மட்டும் கழித்து, தண்டை நிற்க விடலாமா என்று மரம் ஏறத் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். கன்றுக்குப் பணம் வேண்டுமே என்றால், பணத்தைவிட முதலில் மேல்மண் வேண்டும். ஏரி தூர் வாரும்போது வண்டல் எடுக்க முறையாக மனு கொடுத்து அனுமதி வாங்கினால் அதற்கு வழி உண்டு. மனு எழுத நாங்கள் கூட வருகிறோம். விதையை அந்த மேட்டைச் சுற்றியுள்ள காட்டோரத்திலேயே பொறுக்கலாம்: வேம்பு, புங்கன், அத்தி, ஆல், நாவல், அந்த இலுப்பையே கொட்டும் கொட்டை.

வருகிற கூட்டத்தில் தீர்மானம் எழுதும் முன், அங்கே பக்கத்தில் வீடு உள்ள உறுப்பினர்கள் நான்கைந்து பேர் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மரத்தில் எத்தனை பொந்து, எதில் எந்தப் பறவை நுழைகிறது, அலகில் இரை கொண்டு போகிறதா, வெறுமனே உட்கார்ந்துவிட்டுப் போகிறதா. பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் சத்தத்தையும் எழுதினால் போதும். கிளியை விரட்டிப் பொந்தைப் பிடிக்க மைனா சண்டை போடுவதாக ஒரு அக்கா சொன்னார், அதையும் எழுதுங்கள். பஞ்சாயத்துக்குப் பதில் சொல்லும்போது அந்த நோட்டையும் கூட வைத்துக் கொடுப்போம்.